கூடையும் கூலியும்

கையில் தொழில் இருந்தும் வாயில் விலை இல்லாதவர்கள் நம் பெண்கள் என்று நான் சொன்னால், சகோதரிகள் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன். நாம் தொடுத்த பூவையும் பின்னிய கூடையையும் யாரேனும் புகழ்ந்தால் உள்ளம் குளிர்ந்துபோகிறோம். “இதற்கு என்ன விலை?” என்று கேட்டுவிட்டாலோ நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்கிறது. 2014-ஆம் ஆண்டு முதல் செம்பூரில் ஒயர்க் கூடை பின்னி விற்று வருகிறவள் என்ற முறையில், இந்த விலை என்னும் விஷயத்தைப் பற்றிச் சிறிது எழுதத் துணிந்தேன்.

அந்த ஆண்டில்தான் என் கணவர் வேலை பார்த்த கம்பெனி மூடப்பட்டது. மகள் கல்லூரியில் சேரவேண்டிய ஆண்டும் அதுவே. எனக்குத் தெரிந்த தொழில், சிறு வயதில் கோடை விடுமுறையில் அத்தையிடம் கற்ற கூடைப் பின்னல் ஒன்றுதான். அளவாக நறுக்கிய ஒயர்களை முடிந்து அடிப்பாகம் அமைத்து, ஓட்டு ஒயரைச் சுற்றிலும் கொண்டுபோய்ச் சுவரெழுப்பி, நுனிகளை உள்ளே செருகிக் கைப்பிடி கட்டினால் கூடை ஆயிற்று. சாதா முடிச்சு, சிவன் கண், நெல்லிக்காய் என்று வகைகள் பல. இவை நம்மில் பலருக்குத் தெரிந்தவையே. தெரியாதது கணக்கு.

அக் கணக்கை இங்கே வெளிப்படையாகவே தருகிறேன். காய்கறி வாங்கும் நடுத்தரக் கூடை ஒன்றுக்கு மூன்று ரோல் ஒயர், 210 ரூபாய். கைப்பிடிக்கும் வண்டிச் செலவுக்குமாக 40 ரூபாய். பின்னுவதற்கு எட்டு மணி நேரம். மணிக்கு 50 ரூபாய் வீதம் கூலி 400. பழுதாகும் சரக்குக்கும் வியாபாரம் மந்தமான மாதங்களுக்கும் என்று ஒதுக்கி வைப்பது 50. ஆக, விலை 700 ரூபாய். பொதுவாக நம்மவர்கள் ஒயரின் விலையோடு ஐம்பதோ நூறோ சேர்த்துச் சொல்லி நிறுத்திக்கொள்கிறார்கள். எட்டு மணி நேரம் குனிந்த முதுகுக்கு அங்கே கணக்கே இல்லை. ‘வீட்டில் சும்மா இருக்கும் நேரந்தானே’ என்பார்கள். வீட்டில் சும்மா இருக்கும் பெண்ணை நான் இதுவரை கண்டதில்லை.

விலையைக் கேட்டதும் முதலில் திகைத்தவர்கள் நம் தமிழ் மக்களே. “என்ன மாமி, நம்மவர்களுக்குள்ளே இவ்வளவு சொல்லலாமா?” என்று நவராத்திரிக் கொலுவுக்கு வந்த ஓர் அம்மாள் கேட்டார். உரிமையோடு கேட்டதுதான், குறை சொல்லவில்லை. ஆயினும் நான் ஒரு நியமம் வைத்துக்கொண்டிருக்கிறேன். இனாமாகக் கொடுப்பதென்றால் முழுவதும் இனாமாகவே கொடுப்பேன். விற்பதென்றால் முழு விலைக்கே விற்பேன். பாதி இனாமும் பாதி விலையுமாகக் கொடுத்தால் வாங்கியவருக்கும் நன்றி தோன்றாது, கொடுத்தவருக்கும் கூலி கிட்டாது. அந்த அம்மாளின் பேத்திக்கு ஆண்டு நிறைவு வந்தபோது ஒரு சிறு கூடையைப் பரிசாகவே கொடுத்தேன். அதன் பின்னர் அவர் என்னிடம் பேரம் பேசியதில்லை.

உற்றார் உறவினரை நம்பி மட்டும் ஒரு தொழில் வளர்வதில்லை. 2018-ஆம் ஆண்டில் மகாராஷ்டிர அரசு பிளாஸ்டிக் பைகளைத் தடை செய்தபோது, சந்தையில் என் கையிலிருந்த கூடையைப் பார்த்து, “காகூ, இது எங்கே கிடைக்கும்?” என்று மராட்டியப் பெண்கள் கேட்கத் தொடங்கினர். “இதுவும் பிளாஸ்டிக்தானே?” என்று கேட்டவர்களும் உண்டு. ஆம், பிளாஸ்டிக்தான், ஆனால் ஒரு நாளில் எறிவதற்கல்ல, பல ஆண்டுகள் சுமப்பதற்கு என்று உள்ளதைச் சொன்னேன். அவர்கள் வழியாகவே எனக்கு இன்னொரு வாசலும் திறந்தது. சங்கராந்தி முதல் ரத சப்தமி வரையில் மராட்டிய இல்லங்களில் மஞ்சள் குங்குமம் வழங்கும் வைபவம் நடக்கும். வரும் சுமங்கலிகளுக்கெல்லாம் ஏதேனும் ஒரு சிறு பொருளை ‘வாண்’ என்று கொடுப்பது அவர்கள் வழக்கம். நம் தாம்பூலத்துக்காக நான் பின்னிய 150 ரூபாய்ச் சிறு கூடை அதற்கும் பொருந்திற்று. நவராத்திரியோடு முடிந்துபோகும் என் வியாபாரம் தை மாதம் வரை நீண்டது. வேலையும் பெருகவே, எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த இருவர் என்னோடு பின்ன வந்தனர்.

2022-இல் பரிசுப்பொருள் வியாபாரி ஒருவர் 300 சிறு கூடைகள் கேட்டு வந்தார். இருபது நாள் கெடு; கூடை ஒன்றுக்கு 90 ரூபாய்; பணம் மூன்று மாதம் கழித்து. கூடை ஒன்றுக்கு ஒயரும் இதர செலவும் 50 ரூபாய். பின்ன இரண்டு மணி நேரம். மிஞ்சும் 40 ரூபாயில் மணிக்குக் கூலி 20 ரூபாய். மூவரும் நாள்தோறும் பத்து மணி நேரம் உட்கார வேண்டும். நான் மறுத்துவிட்டேன். உடன் பின்னும் பெண்களில் ஒருத்திக்குக் கண் கலங்கிவிட்டது. “குறைந்த கூலியானாலும் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்கு ஆகியிருக்குமே, அக்கா” என்றாள். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. மூன்று மாதக் கடன் என்பதால் அந்தப் பணமும் கட்டணத்துக்கு உரிய காலத்தில் வராது என்று எடுத்துச் சொன்னேன். கூடைதோறும் ஒதுக்கி வைத்த தொகையிலிருந்து அவளுக்கு முன்பணம் கொடுத்தேன். அடுத்த சங்கராந்திக்கு 180 கூடைகள் முழு விலைக்கு விற்றன, முன்பணமும் கழிந்தது.

இந்நகரத்திலேயே இதற்கு ஒரு பெரிய உதாரணம் உண்டு. 1959-ஆம் ஆண்டில் கிர்காமில் ஏழு குஜராத்திப் பெண்கள் 80 ரூபாய் கடன் வாங்கி அப்பளம் இடத் தொடங்கினர். அதுவே லிஜ்ஜத் ஆயிற்று. பிசைந்த மாவை வீட்டுக்கு எடுத்துச் சென்று இட்டுத் தரும் பெண்களுக்கு இட்டதற்குரிய கூலி முறையாகக் கிடைத்தது. கூலியைக் குறைக்காமலும் தொழில் பெருகும் என்பதற்கு வேறு சான்று வேண்டுவதில்லை.

புதிதாகத் தொடங்கும் சகோதரிகளுக்கு இரண்டொரு வார்த்தை. சிறு தொழில்களுக்கான ‘உத்யம்’ பதிவை 2020 ஜூலை முதல் அரசு இலவசமாகவே செய்து தருகிறது. அதற்கென்று பணம் கேட்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். மகாராஷ்டிரத்துக்குள்ளேயே சரக்கு விற்பவர்களுக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாயைத் தாண்டும் வரை பொதுவாக ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமில்லை. கூடையின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது விலையையும் கூடவே எழுதிவிடுங்கள். வாயால் சொல்லக் கூசுவதை எழுத்து கூசாமல் சொல்லும். பெரிய வேலையென்றால் பாதித் தொகையை முன்னதாக வாங்குங்கள்.

வாங்குபவர்களிடமும் ஒரு விண்ணப்பம். நம் சங்கத்து விழாக்களில் கைவேலைப் பொருள்களை விற்க உட்காரும் பெண்ணிடம் விலை அதிகமென்று தோன்றினால் வாங்காமல் செல்லுங்கள், அதில் குற்றமில்லை. வாங்குவதானால், “இதைப் பின்ன எத்தனை நேரம் ஆயிற்று?” என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அவள் சொல்லும் விடையைக் கேட்ட பிறகு பேரம் பேச உங்களுக்கே மனம் வராது.