மீன் நெய்யும் மொய் நோட்டும்

மச்சானுக்கு அறுபது முடிந்தது. ஊரில் இருந்திருந்தால் திருக்கடையூரில் மாலை மாற்றி, கலச நீரைத் தலையில் ஊற்றிப் பந்தி போட்டு முடித்திருப்போம். வான்கூவர் பக்கம் குடியேறிக் காலம் ஆகிவிட்ட அக்காவுக்கு அதில் இஷ்டமில்லை. "ஊருக்கெல்லாம் சோறு போட்டாச்சு. இந்த ஒரு தடவ எனக்கு யாராவது போடட்டும்" என்றாள். பிள்ளைகள் சேர்ந்து, பிரிட்டிஷ் கொலம்பியாக் கடற்கரையில் ஒரு காட்டு விடுதி, அதன்பின் அலாஸ்காவுக்கு ஒரு சொகுசுக் கப்பல் என்று பணம் கட்டிவிட்டார்கள். துணைக்கு நான். அக்காவும் மச்சானும் பேசிக்கொள்ளாத நேரங்களில் நடுவில் உட்கார ஓர் ஆள் வேண்டுமே.

சொகுசுப் பயணம் என்றால் எனக்குக் கொஞ்சம் இளக்காரம்தான். காசுள்ளவன் காட்டுக்குப் போனாலும் கட்டிலைத் தூக்கிக்கொண்டு போவான் என்பது என் கட்சி. விடுதி நைட் இன்லெட் பக்கம். மலைகளுக்கு நடுவே கடல் நூறு கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே புகுந்து கிடக்கிற இடம். சாலை கிடையாது, கடல் விமானத்தில்தான் இறங்க வேண்டும். அங்கே கட்டில் இருந்தது, நல்ல கட்டில். ஆனால் விற்றது கட்டிலை அல்ல, ஆளில்லாமையை. நம்மூரில் பணம் சேரச் சேர வீட்டில் கூட்டம் சேரும். இங்கே பணத்தைக் கொட்டிக் கூட்டத்தை விரட்டுகிறார்கள். மச்சான் முதல் நாள் மாலை படகுத்துறையில் நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "யாருமே இல்லையே மாப்ள" என்றார். அது புகாரா பாராட்டா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

சண்டை மறுநாள் காலையில். செப்டம்பர் மாதம், ஆற்றில் சால்மன் ஏறும் காலம். கரையோரம் மரத்தில் கட்டிய மேடையில் எங்களை ஏற்றி, பேசாமல் உட்காரச் சொன்னார் வழிகாட்டி. ஐம்பது வயதிருக்கும் பெண்மணி, பருத்த தோள்கள், அலர்ட் பே ஊர்க்காரர், குவாக்வக்கவாக் இனத்தவர். ஏறும் முன்பே ஒரு விதி சொல்லியிருந்தார்: மேலே தீனி எதுவும் கூடாது. கரடி வருவதற்கு முன் மச்சானுக்குப் பசி வந்துவிட்டது. கோட்டுப் பையில் கையை விட்டு, அக்கா சுட்ட முறுக்கை எடுத்து, அந்த அமைதியில் கடித்தார். அதைவிடச் சத்தமான பலகாரம் தமிழர்கள் கண்டுபிடிக்கவில்லை.

வழிகாட்டி திரும்பி, எதுவும் பேசாமல் கையை நீட்டினார். மச்சான் பொட்டலத்தைக் கொடுக்கவில்லை. "முழுசா ஒண்ணுதான் இருக்கு, முடிச்சிடுறேன்" என்றார் ஆங்கிலத்தில். அவர் கை நீட்டியபடியே இருந்தது. அக்கா தமிழில் திட்ட ஆரம்பித்தாள். கடைசியில் பொட்டலம் கைமாறியது. கீழே இறங்கிய பிறகுதான் வழிகாட்டி காரணம் சொன்னார்: "மனுசச் சாப்பாட்டின் ருசி கரடிக்கு ஒருமுறை பழகிவிட்டால் அது ஆட்களைத் தேடி வரும். வந்தால் சுடுவார்கள். உங்கள் முறுக்குக்குக் கரடி ஏன் உயிர் கொடுக்க வேண்டும்?" 2017 டிசம்பரில்தான் இந்த மாகாணத்தில் கிரிஸ்லி கரடி வேட்டைக்குத் தடை வந்தது. அதுவரை இதே மாதிரி விமானத்தில் வந்து, இதே மாதிரி பணம் கட்டி, கரடியைச் சுட்டு எடுத்துப் போனவர்கள் இருந்தார்கள். அவர்களையும் ஒருவர் இப்படித்தான் வழிநடத்திக் கூட்டி வந்திருப்பார்.

கரடி வந்தது. பெண் கரடி, பின்னால் இரண்டு குட்டிகள். இடுப்பளவு தண்ணீரில் நின்று ஒரு மீனைக் கவ்வியது. மூளையையும் சினையையும் தோலையும் தின்றுவிட்டு மிச்சத்தைக் கரையில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போனது. மீன் ஏராளமாக இருக்கும்போது கரடி இப்படித்தான் பொறுக்கித் தின்னுமாம். மிச்சம் காட்டுக்குள் அழுகும். விக்டோரியா பல்கலைக்கழகத்தின் டாம் ரைம்ஹன் போன்றவர்கள் ஆராய்ந்தபோது, கடலிலிருந்து சால்மன் சுமந்து வந்த நைட்ரஜன் ஆற்றங்கரை மரங்களின் வளையங்களுக்குள்ளேயே கிடைத்தது. நான் அண்ணாந்து பார்த்த சீடார் மரத்தின் ஒரு பங்கு மீன். இதைக் கேட்டதும் மச்சான், "அப்போ கரடி மரத்துக்குப் பந்தி வைக்குது" என்றார். அவர் பேராவூரணிக்காரர். எதையும் பந்தியாகத்தான் பார்ப்பார்.

விடுதியில் இரவுச் சாப்பாடு பெரிய தட்டில் சின்ன உணவாக வரும். ஊசியிலைக் கொழுந்து, பாசி, வெண்ணெயில் வாட்டிய நண்டு. ருசிக்குக் குறைவில்லை, உப்பு மட்டும் எங்கேயோ ஒளிந்திருக்கும். எனக்கு நினைவில் நிற்கும் சாப்பாடு அதுவல்ல. மறுநாள் படகில், இஞ்சினை நிறுத்திவிட்டு வழிகாட்டி தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தார். அவித்த உருளைக்கிழங்கு, அரைப்புகை போட்ட சால்மன், ஒரு கண்ணாடிப் புட்டி. புட்டிக்குள் உறைந்த நெய் மாதிரி வெளிர்மஞ்சளாக ஒன்று. மூடி திறந்ததும் பக்கத்தில் இருந்த அமெரிக்கத் தம்பதி எழுந்து படகின் மறுமுனைக்குப் போய்விட்டார்கள். நாங்கள் மூவரும் நகரவில்லை.

அது ஊலிக்கன் நெய். வசந்த காலத்தில் ஆற்றுக்குள் ஏறும் சிறிய மீன் ஊலிக்கன். உடம்பில் அவ்வளவு கொழுப்பு. காய்ந்த மீனுக்குள் திரி செருகிப் பற்றவைத்தால் மெழுகுவர்த்தியாக எரியும். பிடித்த மீனைக் குழியில் போட்டு நாட்கணக்கில் பதப்பட விட்டு, பிறகு வெந்நீரில் மெல்லக் காய்ச்சி, மிதந்து வரும் எண்ணெயை வழித்தெடுப்பார்கள். இந்த நெய்ப்பெட்டிகளைச் சுமந்து கடற்கரைக்கும் உள்நாட்டுக்கும் நடந்து நடந்தே பாதைகள் விழுந்தன. 1793-இல் அலெக்சாண்டர் மெக்கன்சி கண்டத்தைக் குறுக்கே கடந்து பசிபிக்கைத் தொட்டார் என்று பள்ளிக்கூடத்தில் படிப்பார்களே, அந்தப் பயணத்தின் கடைசிப் பகுதியில் அவர் நடந்தது இப்படியொரு நெய்ப்பாதையில். கண்டுபிடித்தவருக்கு வழி ஏற்கெனவே போட்டிருந்தது.

வழிகாட்டி எங்கள் பக்கம் புட்டியை நீட்டினார். சுற்றுலாப் பயணிகளுக்கென்று வைத்திருக்கும் வேடிக்கை என்று எனக்கு ஒரு சந்தேகம். பாரம்பரியம் என்று சொன்னாலே நான் அப்படித்தான் யோசிப்பேன். ஆனால் அவர் எங்களைப் பார்க்கவே இல்லை. கிழங்கில் ஒரு தடவு தடவித் தன் பாட்டுக்குத் தின்றுகொண்டிருந்தார். நானும் தடவினேன். நாக்கில் முதலில் ஒன்றுமில்லை, வழவழப்பு மட்டும். பிறகு தொண்டையில் ஒரு சூடு, அதன்பின் மீன், அதன்பின் மீனின் மூதாதையர் அத்தனை பேரும். மாலை வரை போகவில்லை. அக்கா இரண்டாம் கிழங்கு கேட்டாள்.

மச்சான் யோசித்துவிட்டு, "அந்த முறுக்கு உங்ககிட்டயா இருக்கு?" என்றார். இருந்தது. படகில் தின்னத் தடையில்லை. வழிகாட்டி பொட்டலத்தைப் பிரித்து ஒரு துண்டைக் கடித்தார், தலையை ஆட்டினார், பொட்டலத்தை மடித்துத் தன் பைக்குள்ளேயே வைத்துக்கொண்டார். நாங்கள் கிளம்பும் நாளில் விமானத்துறையில் வந்து, மச்சான் கையில் ஒரு சின்னப் புட்டி நெய்யைத் திணித்தார். "பல ஆறுகளில் இந்த மீன் இப்போது வருவதில்லை. வீணாக்காதீர்கள். அலர்ட் பேக்குப் போய் ஊமிஸ்டாவைப் பாருங்கள்" என்றார்.

போனோம். ஊமிஸ்டா பண்பாட்டு மையம் 1980-இல் திறந்தது. பறிபோன முகமூடிகள் திரும்பி வந்து சேர்ந்த வீடு அது. குவாக்வக்கவாக் மக்களுக்குப் பொட்லாட்ச் என்ற விருந்து உண்டு. ஒரு குடும்பத்தில் பெயர் சூட்டினாலோ, திருமணமோ சாவோ நடந்தாலோ ஊரையெல்லாம் அழைத்து, நாட்கணக்கில் ஆடிப்பாடி, வந்தவர்களுக்குப் பொருளை வாரிக் கொடுப்பார்கள். எவ்வளவு கொடுத்தான் என்பதுதான் தலைவனின் தகுதி. பொருள்களில் ஊலிக்கன் நெய்க்கு உயர்ந்த இடம். விருந்தில் அதைத் தீயில் ஊற்றிக் கூரை வரை கொழுந்துவிட்டு எரியவிடுவதும் உண்டு. கனடா அரசு இதை ஊதாரித்தனம் என்று 1885 முதல் சட்டம் போட்டுத் தடுத்தது. தடை 1951 வரை இருந்தது. 1921 டிசம்பரில் வில்லேஜ் தீவில் டேன் கிரான்மர் ஒரு பெரிய பொட்லாட்ச் நடத்தினார். பில்லியர்ட்ஸ் மேசை, தையல் மெஷின், கிராமபோன், மாவு மூட்டை என்று கொடுத்தார். 45 பேர் மேல் வழக்கு. முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் ஒப்படைக்காதவர்கள் சிறைக்குப் போனார்கள். பொருள்கள் ஒட்டாவாவுக்கும் டொராண்டோவுக்கும் நியூயார்க் சேகரிப்பாளர் ஒருவரிடமும் போயின. திரும்பி வந்தவை இங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இல்லை. அத்தனை காலம் பூட்டிக் கிடந்தவற்றை மறுபடி பூட்ட மனமில்லை என்று திறந்தே வைத்திருக்கிறார்கள்.

ஒரு செப்புத் தகட்டின் முன் மச்சான் நீண்ட நேரம் நின்றார். கைமாறும் ஒவ்வொரு முறையும் அந்தத் தகட்டின் மதிப்பு ஏறும் என்று விளக்கினார் மையத்தின் பெண். "இது எங்க ஊரு மொய்" என்றார் மச்சான். பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பக்கமெல்லாம் ஆடி, ஆவணியில் மொய் விருந்து நடக்கும். ஆட்டுக்கறி போட்டு, நோட்டுப் போட்டு எழுதி, வருகிறவர்கள் பணம் வைப்பார்கள். வாங்கியவன் அவர்கள் விருந்தில் கூட்டித் திருப்ப வேண்டும். மச்சான் இதையெல்லாம் விளக்கி முடித்ததும் அந்தப் பெண் இடையில் நுழைந்தார்: "பணம் யார் தருகிறார்கள்? வந்தவர்களா? எங்களிடம் விருந்து வைப்பவர்தான் தருவார். வந்தவர்கள் சாட்சி, சாட்சிக்குத்தான் கூலி." மச்சான் என்னிடம் திரும்பி, "பாத்தியா மாப்ள, இங்க விருந்து வைக்கிறவனே மொய்யும் வைக்கிறான்" என்றார். அந்தப் பெண் கேட்டார்: "உங்கள் ஊர் விருந்துக்காக உங்களைச் சிறையில் போட்டார்களா?" மச்சான் இல்லையென்றார். போடவில்லை, வங்கிக்காரர்கள் பந்தலிலேயே கவுண்டர் போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்ல எனக்கு நாக்கு துடித்தது. சொல்லவில்லை.

கப்பலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அலாஸ்கா போக ஏன் கனடாவில் ஏற வேண்டும் என்ற கேள்விக்கு மட்டும் நல்ல பதில் கிடைத்தது: வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து இன்னோர் அமெரிக்கத் துறைமுகத்துக்குப் பயணிகளை ஏற்றிப் போகக்கூடாது என்று 1886-இல் ஒரு சட்டம், உல்லாசக் கப்பல்களில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கொடியில்தான் ஓடுகின்றன. வான்கூவர் அதில் பிழைக்கிறது. விடுதி எங்களைக் காத்திருக்க வைத்துக் காசு வாங்கியது; கப்பல் ஒரு நிமிடம்கூடக் காத்திருக்க விடாமல் காசு வாங்கியது. நள்ளிரவில் கேட்டாலும் பீட்சா. கெட்சிகானில் இறங்கினால் மழையும் வைரக் கடைகளும். மீன் பிடிக்கும் ஊரில் வைரத்தை யார் வாங்குகிறார்கள் என்று அக்கா கேட்டாள். பிறகு ஒரு கடைக்குள் போய்விட்டு வந்தாள்.

கிளேசியர் பேயில் மட்டும் என் இளக்காரம் கொஞ்சம் வாயடைத்தது. ஒரு நாளைக்கு இரண்டு உல்லாசக் கப்பல்களைத்தான் உள்ளே விடுகிறார்கள். 1794-இல் கேப்டன் வான்கூவரின் ஆட்கள் வந்தபோது இந்த வளைகுடா ஏறக்குறைய முழுவதும் பனிக்கட்டி. பிறகு நூறு கிலோமீட்டருக்கு மேல் பின்வாங்கிவிட்டது. அதற்கும் முன்னால் பனி முன்னேறி வந்து ஹூனா டிலிங்கிட் மக்களை அவர்கள் ஊரிலிருந்தே துரத்தியது. பனி விலகியதும் பூங்கா வந்தது. அவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கிய கடற்காக முட்டையைத் தொடக்கூடாது என்றார்கள். கப்பலில் ஏறியிருந்த பூங்கா அதிகாரி இதை ஒளிக்காமல் சொன்னார். 2014-இல்தான் ஒரு சட்டம் அந்த முட்டைக்கு மறுபடி வழி திறந்தது. "முட்டைக்குமா சட்டம்?" என்று மச்சான் கேட்டதற்கு அவர், "முதலில் எடுக்க ஒரு சட்டம், பிறகு கொடுக்க ஒரு சட்டம்" என்றார்.

அன்று இரவு மேல்தளத்தில், போர்வை போர்த்திக்கொண்டு மச்சான் தன் கைநோட்டை எடுத்தார். அவருடைய அப்பா காலத்துப் பழக்கம். கனடாவுக்கு வந்தும் விடவில்லை. 'ஊலிக்கன் நெய், ஒரு புட்டி' என்று எழுதினார். அந்தப் புட்டி வீட்டு ஃப்ரிட்ஜில் பாலுக்குப் பக்கத்தில் இருந்தது.

"அந்தம்மாவுக்கு என்ன செய்யிறது?" என்றார்.

"என்ன செய்யணும்? நீங்க முறுக்கு குடுத்தீங்க, அவங்க நெய் குடுத்தாங்க. கணக்கு முடிஞ்சுது" என்றாள் அக்கா.

"குடுக்கல, புடுங்கினாங்க. அது வேற. நேரா முடிச்சா ஒறவும் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம். பழைய மொய்யத் திருப்பி, மேல புது மொய் வைக்கணும்."

"நெய்க்கு நெய்யா? ஊத்துக்குளி வெண்ணெய் வாங்கி உருக்கி அனுப்புறீங்களா?"

"முறுக்குதான் அவங்க கேட்டது. இருபது கிலோ."

"கேக்கவே இல்ல. சுடப்போறது யாரு?"

இதற்குப் பதில் இல்லை. மறுநாள் காலை மச்சான் கப்பலின் வரவேற்பு மேசைக்குப் போய், கடல் விமானத்தில் சரக்குப் போட எவ்வளவு எடை விடுவார்கள் என்று விசாரித்தார். அங்கே இருந்த பையனுக்குக் கேள்வியே புரியவில்லை. விடுதி அக்டோபரோடு மூடிவிடும், அதற்குள் போய்ச் சேர வேண்டும் என்று நான் நினைவூட்டினேன்.

"எடை பிரச்சினை இல்ல மாப்ள," என்றார், "முறுக்கு இடத்தத்தான் அடைக்கும்."