மாப்ளைக்கு, ஜின் விஷயமாக

பம்மல்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாப்ளே,

நீ அனுப்பிய போட்டோ வந்தது. பெங்களூர் வீட்டுச் சமையல் மேடையில் ஒரு பாட்டில் ஜின்னைத் திறந்து, எலுமிச்சை வட்டம், பட்டை, கிராம்பு, புதினா, அன்னாசிப்பூ என்று கைக்கு அகப்பட்டதையெல்லாம் உள்ளே தள்ளியிருக்கிறாய். பிரியாணிக்குத் தாளித்த மாதிரி இருக்கிறதடா! உன் அத்தை எட்டிப் பார்த்து, "என்ன ஊறுகாய் அது?" என்று கேட்டாள்.

இங்கே எல்லோரும் சௌக்கியம். பின்பக்கத்து எலுமிச்சை இந்த வருஷம் கொத்துக் கொத்தாய்க் காய்த்திருக்கிறது. வேலியெல்லாம் சங்குப்பூ. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் அகல வாய்க் கண்ணாடி ஜாடி ஒன்று மலிவாய்க் கிடைத்தது. மூடி நன்றாக இறுகுகிறது. உனக்கும் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன்.

சரி, உன் பாட்டிலுக்கு வருகிறேன். ஜின் என்பதே ஏற்கெனவே மணம் ஏற்றிய சரக்கு. ஜூனிபர் காய் இல்லாவிட்டால் அது ஜின்னே கிடையாது. கொத்தமல்லி விதை அநேகமாக எல்லா ஜின்னிலும் உண்டு. எலுமிச்சைத் தோல், ஏலக்காய் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் நம் அஞ்சறைப் பெட்டி அதோடு இவ்வளவு சுலபமாக ஒத்துப்போகிறது. ஆனால் அதன் மேல் நீ ஆறு சாமானைக் கொட்டினால் ஒன்றின் வாசனையும் தெரியாது. ஒரு ஜாடிக்கு ஒரு சாமான், மிஞ்சினால் இரண்டு. முழு பாட்டிலையும் பாழாக்காதே. ஒரு குவார்ட்டர், அதாவது 180 மில்லி, எடுத்துச் செய்து பார்.

எலுமிச்சை என்றால் பழத்தை வெட்டிப் போடாதே. மேல் தோலை மட்டும் மெல்லிசாகச் சீவு. அடியில் இருக்கும் வெள்ளைச் சதை சேர்ந்தால் கசந்துவிடும். ஒரு பழத் தோல், ஒரு நாள், போதும். இஞ்சி நாலைந்து வில்லை, அதுவும் ஒரு நாள். ஏலக்காய் இரண்டைத் தட்டிப் போட்டு ராத்திரி வைத்துவிட்டுக் காலையில் எடுத்துவிடு. பட்டை, கிராம்பெல்லாம் முரட்டுச் சாமான்கள்; சில மணி நேரத்திலேயே ஜின்னை அமுக்கிவிடும். பச்சை மிளகாய் ஆசை இருந்தால் பாதி மிளகாய், அரை மணி நேரம், அதற்கு மேல் விட்டால் நீதான் அழுவாய். வெட்டிவேரை நன்றாக அலசி மண் போக்கிக் கொஞ்சமாகப் போடு. புதினாவை ஊறவே வைக்காதே, பழுத்துக் கருத்துப்போகும், கிளாஸில் போட்டுக்கொள்.

சங்குப்பூ மட்டும் குழந்தைத்தனமான சந்தோஷம் மாப்ளே. காய்ந்த பூ ஆறேழு போட்டால் கொஞ்ச நேரத்தில் ஜின் நீலமாகிவிடும். எலுமிச்சை பிழிந்தால் புளிப்புப் பட்டு ஊதாவும் ரோஸுமாக மாறும். ருசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை, கண்ணுக்குத்தான். எதுவானாலும் இடையிடையே ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார். பிடித்த இடத்தில் வெள்ளைத் துணியில் வடிகட்டி ஃப்ரிட்ஜில் வை. தெரியாத பூ, இலை எதையும் போடாதே. அழகாயிருக்கிறது என்று அரளியைக் கிள்ளிப் போடுகிற ஆட்களும் உலகத்தில் உண்டு, அது விஷம்.

டானிக் வாட்டர் கசக்கிறது என்று எழுதியிருந்தாய். கசக்கத்தான் செய்யும், அது கொய்னா. கூடலூர் போகும் வழியில் நடுவட்டத்தில் வண்டியை நிறுத்தி, இங்கேதான் கொய்னா ஃபேக்டரி இருந்தது என்று காட்டினேனே, நீ பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்தாய். க்ளெமென்ட்ஸ் மார்க்கம் என்ற வெள்ளைக்காரர் 1860 வாக்கில் தென்னமெரிக்க மலைகளிலிருந்து சின்கோனா மரத்தைக் கொண்டுவர, ஊட்டி தாவரவியல் பூங்காவைப் பார்த்துக்கொண்ட மக்கைவர் அதை நீலகிரியில் வளர்த்தார். அந்த மரத்தின் பட்டையில்தான் கொய்னா இருக்கிறது; அப்போது மலேரியாவுக்கு அதுதான் மருந்து. கசப்பு தொண்டையில் இறங்கச் சர்க்கரையும் சோடாவும் ஜின்னும் கலந்தார்கள் வெள்ளைக்காரர்கள். இன்றைய டானிக்கில் கொய்னா பேருக்குத்தான் இருக்கிறது, சர்க்கரைதான் தாராளம். நம் வீட்டில் சர்க்கரை வியாதி எத்தனை பேருக்கு என்று உனக்கே தெரியும். சோடாவும் எலுமிச்சையும் போதும்.

இப்போது கொஞ்சம் திட்டப்போகிறேன். போட்டோவில் அளவு கிளாஸ் எதையும் காணோம். நம் நாட்டு ஜின் பெரும்பாலும் 42.8 சதவீதம். 30 மில்லியில் சுமார் 10 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. இஞ்சியும் ஏலக்காயும் ஊறியதால் அதில் ஒரு கிராமும் குறையாது. காரம் தெரியாமல் போகிறது, அவ்வளவுதான். வாசனைச் சரக்கில் இருக்கிற ஆபத்தே அதுதான். கண்ணளவில் ஊற்றாதே. எந்த அளவும் உடம்புக்குப் பாதுகாப்பானது இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொல்லிவிட்டது. அதனால் நல்லது என்று நினைத்துக் குடிக்காதே. ருசிக்காக, எப்போதாவது, கொஞ்சம்.

அடுத்தது, வீட்டிலேயே வடித்துப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தாய். உதை விழும். ஊறவைப்பது வேறு, வடிப்பது வேறு. சட்டப்படி குற்றம், ஆவி தீப்பிடிக்கும், என்ன வடிகிறது என்று உனக்குத் தெரியாது. 2023-இல் நம் செங்கல்பட்டுப் பக்கமும் மரக்காணத்திலும், அடுத்த வருஷம் கள்ளக்குறிச்சியிலும் மெத்தனால் கலந்த சாராயத்தில் எத்தனை குடும்பம் நடுத்தெருவுக்கு வந்தது என்று பார்த்தோமே. கடையில் சீல் வைத்த பாட்டில், அதில் நம் வீட்டுச் சாமான், அதோடு நிறுத்து. தீபாவளிக்கு வரும்போது அங்கிருந்து பாட்டில் தூக்கிக்கொண்டும் வராதே. ஓசூரில் பஸ்ஸை நிறுத்திப் பையைத் திறக்கச் சொன்னால் மாமா வந்து மீட்க முடியாது.

இனிச் சொல்வதைக் கோபப்படாமல் படி. உன் அப்பாவும் நல்ல ருசிக்காரர்தான். ஆனால் அவர் வீட்டில் யார் கண்ணிலும் படாமல் குடித்தார். அரிசி டிரம்முக்குப் பின்னால், ஸ்கூட்டர் டிக்கியில், மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில். எவ்வளவு என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில் அவருக்கே தெரியவில்லை. பாட்டில் மூடி திருகுகிற சத்தம் கேட்டால் உன் அம்மா இன்றைக்கும் முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அது நல்லெண்ணெய் பாட்டிலாக இருந்தாலும் சரி. இந்தப் பழக்கம் ரத்தத்தில் தொடரக்கூடியது என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். உனக்கு மற்றப் பிள்ளைகளை விட ஒரு பங்கு ஜாக்கிரதை கூட வேண்டும்.

அதற்காக ஜாடியைத் தூக்கிப் போடு என்று நான் சொல்லவில்லை. என் ஜாடியும் ஷெல்ஃபில்தான் இருக்கிறது, உன் அத்தை தினமும் பார்க்கிற இடத்தில். அளவு குறைந்தால் அவளுக்குத் தெரியும், அது எனக்கு நல்லது. தனியாக உட்கார்ந்து குடிக்காதே. வெறும் வயிற்றில் வேண்டாம். மனசு சரியில்லாத அன்று ஜாடி பக்கமே போகாதே, எனக்குப் போன் பண்ணு. குடித்த பிறகு பைக் சாவியைத் தொடாதே.

போட்டோவை எனக்கு மட்டும் அனுப்பினாய், அம்மாவுக்கு அனுப்பவில்லை. "அண்ணிக்குத் தெரியுமா?" என்று அத்தை கேட்டபோது எனக்குப் பதில் இல்லை. இந்த வாரத்துக்குள் நீயே அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லிவிடு. திட்டுவாள், அழுவாள், வாங்கிக்கொள். வேறு யார் வாயாலும் அவளுக்கு இது தெரியவேண்டாம், மாப்ளே.

அன்புடன்,
உன் மாமா.