நதிமூலம் பார்த்தோம்

நதிமூலமும் ரிஷிமூலமும் விசாரிக்கக் கூடாது என்று பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். ரிஷிகள் விஷயத்தில் அந்தக் கட்டளையை நாங்கள் இதுவரை மீறியதில்லை. நதி விஷயத்தில் மட்டும் சென்ற ஆனி மாதத்தில் மீறும்படி நேர்ந்துவிட்டது. மீற வைத்தவன் எங்கள் பேரன்.

அமெரிக்காவில் மினியாபொலிஸ் நகரத்தில் உத்தியோகம் பார்க்கும் மகன் வீட்டுக்கு நாங்கள் போயிருந்தோம். அந்த நகரத்தின் ஊடே மிஸிஸிப்பி நதி ஓடுகிறது. பாலத்தின் மேல் நின்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்த எங்கள் சகதர்மிணி, "இத்தனை ஜலம் எங்கேயிருந்துதான் வருகிறது?" என்று கேட்டாள். பன்னிரண்டு வயதுப் பேரன் உடனே, "வடக்கே இடாஸ்கா என்று ஓர் ஏரி இருக்கிறது, பாட்டி. அங்கே இந்த நதியை நீங்கள் நடந்தே தாண்டிவிடலாம்" என்றான். அவ்வளவுதான், விடுமுறைக்காக மகன் திட்டமிட்டிருந்த மோட்டார்ப் பிரயாணத்தில் முதல் இரண்டு இரவுகள் இடாஸ்கா ராஜ்யப் பூங்காவில் கழிப்பதென்று தீர்மானமாயிற்று. தங்குவது கூடாரத்தில் என்பதை மட்டும் எங்களிடம் புறப்படுகிற தினத்தில்தான் சொன்னார்கள்.

பூங்கா என்றவுடன் நேயர்கள் இரண்டு சிமெண்டுப் பெஞ்சியும் வாடிய செம்பருத்திச் செடியும் கொண்ட முனிசிபல் பூங்காவை நினைத்துக்கொள்ள வேண்டாம். இது 32,000 ஏக்கர் வனம். இதற்குள் நூற்றுக்கு மேற்பட்ட ஏரிகள் இருக்கின்றன. மினியாபொலிஸிலிருந்து சுமார் 220 மைல். வயல்கள் முடிந்து, பார்க் ராபிட்ஸ் என்ற சிற்றூரைத் தாண்டியதும் இரு பக்கமும் பைன் மரங்கள் நெருங்கி வந்தன. செந்நிற அடிமரத்துடன் கோயில் துவஜஸ்தம்பம் போல் நேராக நிற்கும் மரங்கள். அவற்றில் சில இருநூறு வயதைத் தாண்டியவை என்றார்கள்.

கூடாரம் போடுவதற்கென்று அளந்து விட்ட இடம் ஒன்று எங்களுக்காகக் காத்திருந்தது. சாப்பாட்டுக்கு ஒரு மர மேஜை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம், தலைக்கு மேல் ஆகாசம், இவ்வளவே அங்குள்ள ஆஸ்தி. விறகை வெளியூரிலிருந்து கொண்டு வரக் கூடாதென்பது சட்டம். மரத்தைத் துளைக்கும் பூச்சி விறகோடு பிரயாணம் செய்துவிடுமாம். ஆகையால் அங்கேயே வாங்கினோம். கூடாரத்தை எழுப்ப மகனுக்கும் மருமகளுக்கும் முக்கால் மணி நேரம் பிடித்தது. அதில் அரை மணி நேரம் எந்தக் கழி எந்தத் துளையில் புக வேண்டும் என்ற தர்க்கத்துக்குச் செலவாயிற்று.

இருட்டுவதற்குள் மருமகள் ஒரு கட்டளை பிறப்பித்தாள். கரடிகள் உலவுகிற காடாகையால் தின்பண்டம் ஒன்றும் கூடாரத்தில் இருக்கக் கூடாது. பல் விளக்கும் பசை உள்பட வாசனையுள்ளதெல்லாம் மோட்டாருக்குள் வைத்துப் பூட்டப்பட வேண்டும். புளியோதரை போயிற்று, தயிர்சாதம் போயிற்று. ஆவக்காய் ஜாடியை மட்டும் எங்கள் சகதர்மிணி கொடுக்க மறுத்தாள். "ஒரு தரம் இதைத் தின்ற கரடி மறுபடி வராது" என்பது அவள் வாதம். கடைசியில் ஜாடியும் போயிற்று.

இரவு ஒன்பது மணிக்கும் வெளிச்சம் இருந்தது. கொசுக்களைப் பற்றி எழுதப் போவதில்லை. எழுதினால் அவற்றுக்குப் பெருமையாகிவிடும். ஐம்பது வருஷம் கட்டிலில் படுத்துப் பழகிய முதுகு, தரையில் இருந்த ஒவ்வொரு வேரையும் கணக்கெடுத்துக்கொண்டிருந்தபோது, ஏரிப் பக்கத்திலிருந்து ஒரு குரல் எழுந்தது. யாரோ ஒரு ஸ்திரீ நீளமாக அழுது, பிறகு தனக்குள்ளே சிரித்துக்கொள்வது போல் இருந்தது. எங்கள் சகதர்மிணி கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். "லூன் பறவை, பாட்டி; இந்த ராஜ்யத்தின் பறவையே அதுதான்" என்று தூக்கத்திலேயே பேரன் சொன்னான். அதற்கப்புறம் அந்தக் குரலுக்காகவே விழித்திருந்தோம்.

காலையில் மூலஸ்தானத்துக்குப் போனோம். ஏரியின் வட கோடியில் உருண்டைப் பாறைகள் ஒரு வரிசையாகக் கிடக்கின்றன. ஏரி ஜலம் அவற்றின் இடுக்குகளில் சலசலத்து மறு பக்கம் இறங்குகிறது. அந்தப் பக்கம் இறங்கியவுடன் அதன் பெயர் மிஸிஸிப்பி. முழங்காலளவு ஆழந்தான். கடல் மட்டத்துக்கு 1,475 அடி உயரத்தில் புறப்பட்டு, 2,552 மைல் வளைந்து மெக்ஸிகோ வளைகுடாவுக்குப் போகிறதென்று பக்கத்தில் ஒரு மரத்தூணில் செதுக்கியிருக்கிறார்கள். தெற்கே போக வேண்டிய நதி முதலில் வடக்கு நோக்கித்தான் ஓடுகிறது. பெரிய மனிதர்கள் சிலருடைய வாலிபப் பருவத்தைப் போல.

இந்த மூலத்தைத் தேடி அலைந்தவர்கள் பலர். 1806-ல் பைக் என்ற ராணுவ அதிகாரி வேறோர் ஏரியைக் காட்டி இதுதான் என்றார். 1820-ல் காஸ் என்பவர் இன்னோர் ஏரியைச் சொன்னார். 1823-ல் பெல்ட்ராமி என்ற இத்தாலியர் மூன்றாவதாக ஒன்றைச் சொன்னார். 1832-ல் ஹென்ரி ஸ்கூல்கிராஃப்ட் என்பவர் வந்து சரியான ஏரியைக் 'கண்டுபிடித்தார்' என்று சரித்திரப் புத்தகங்கள் சொல்லும். எப்படிக் கண்டுபிடித்தார் தெரியுமா? ஓஸாவிந்திப் என்ற ஒஜிப்வே தலைவர் படகில் முன்னே போய் வழி காட்டினார். இவர் பின்னே போனார். ஒஜிப்வேக்கள் இந்த ஏரியை எல்க் மான் ஏரி என்று தங்கள் பாஷையில் வெகு காலமாக அழைத்து வந்தார்கள். அவர்களுக்கும் வெகு முன்னே, சுமார் 8,000 வருஷங்களுக்கு முன், இதே கரையில் மனிதர்கள் காட்டெருமை வேட்டையாடிய அடையாளங்கள் அகப்பட்டிருக்கின்றன. வீட்டுக்காரர் கதவைத் திறந்து உள்ளே அழைத்துப் போக, வந்த விருந்தாளி வீட்டைக் கண்டுபிடித்ததாகச் சொல்லிக்கொள்வது நம் தேசத்தாருக்குப் புதிய செய்தி அல்ல.

ஏரிக்குப் பெயரிட்ட கதையும் வேடிக்கைதான். லத்தீன் பாஷையில் 'வெரிடாஸ்' என்றால் சத்தியம். 'காபுட்' என்றால் தலை. இரண்டையும் சேர்த்து, முன்னும் பின்னும் நறுக்கியதில் மிஞ்சியது 'இடாஸ்கா'. சத்தியத்தின் தலையை வெட்டினால்தான் அந்தப் பெயர் வருகிறதென்று பேரன் கணக்குப் போட்டுக் காட்டினான்.

சரி, பெயர்தான் போகட்டும். இந்தக் காடு எப்படித் தப்பிற்று? அப்போது மினிஸோடா ராஜ்யம் முழுவதும் பைன் மரங்களை வெட்டிச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். ஏரியை அளந்து ஆராய்ந்த ஜேகப் பிரௌவர் என்பவர், இந்த இடமாவது மிஞ்ச வேண்டுமென்று பாடுபட்டார். 1891-ல் சட்டசபையில் பூங்கா மசோதா ஒரே ஒரு வோட்டு வித்தியாசத்தில் நிறைவேறிற்று. அன்று ஓர் அங்கத்தினருக்கு ஜலதோஷம் பிடித்திருந்தால் நாங்கள் முந்தின இரவு படுத்த இடத்தில் மரமே இருந்திராது.

சட்டம் வந்துவிட்டால் போதுமா? மரக் கம்பெனிக்காரர்கள் அணையின் மதகை அடைத்து வைத்தார்கள். ஏரி உயர்ந்து கரையோர மரங்களின் வேரில் ஜலம் நின்றது. 1903-ல் பூங்காவின் அதிகாரி காலமானார். அவருடைய குமாரி மேரி கிப்ஸை அந்த ஸ்தானத்தில் நியமித்தார்கள். வயது 24. மதகில் கை வைப்பவரைச் சுட்டுவிடுவதாகக் கம்பெனி ஆள் மிரட்டினான். அந்தப் பெண் மதகின் மேல் கையை வைத்தாள். அவன் சுடவில்லை. வழக்கும் வம்பும் வளர்ந்து, அவள் அதிக நாள் அந்தப் பதவியில் நீடிக்கவில்லை. மரம் வெட்டுவதும் பின்னர்ப் பல வருஷங்கள் ஓயவில்லை. நதிமூலத்தில் உள்ள பெரிய மண்டபத்துக்கு இன்று அவள் பெயரை வைத்திருக்கிறார்கள். மருமகள் அந்தப் பலகையின் முன் நின்று படித்ததையே திரும்பவும் படித்துக்கொண்டிருந்தாள். நாங்கள் கூப்பிட்டும் வரவில்லை.

கடைசியாகப் பேரன் ஒரு குண்டைப் போட்டான். "பாட்டி, இந்தக் கல்லெல்லாம் தானாக வந்ததில்லை. இங்கே முன்னே சதுப்பு நிலந்தான் இருந்தது. 1930-களில் வேலையில்லாத வாலிபர்களுக்குச் சர்க்கார் வேலை கொடுத்தபோது, அவர்கள்தான் சேற்றைத் தூர்த்து, கால்வாயைத் திருத்தி, கல்லை அடுக்கினார்கள்" என்றான்.

எங்கள் சகதர்மிணி புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டிருந்தாள். "கல்லை யார் போட்டால் என்னடா? ஜலத்தை அவர்கள் போடவில்லையே" என்று சொல்லிவிட்டு, ஒரு கையால் மகனையும் மறு கையால் பேரனையும் பற்றிக்கொண்டு அக்கரைக்கு நடந்தாள். நடுக்கல்லில் பாசி. அவள் கால் வழுக்கியபோது கரையில் நின்ற எங்களுக்கு மூச்சு நின்றது. விழவில்லை. அக்கரையில் குனிந்து, தலையில் ஜலத்தைத் தெளித்துக்கொண்டு, தரையில் உதிர்ந்து கிடந்த பைன் கொத்து ஒன்றை எடுத்து நீரில் விட்டாள்.

பிற்பகல் காட்டுப் பாதையில் நடந்தோம். நூறடி உயரமுள்ள பழைய தீக்காவல் கோபுரத்தில் நாங்கள் பாதி ஏறி, முழங்காலின் ஆட்சேபத்தை மதித்துத் திரும்பினோம். வழியோரத்தில் வெண்மையும் ரோஜா நிறமும் கலந்த பாதரட்சை போன்ற பூக்கள். இந்த ராஜ்யத்தின் புஷ்பம் அதுதான். விதையிலிருந்து முதல் பூ வர 16 வருஷங்கள் கூட ஆகுமாம். பறிப்பது குற்றம். இரண்டாம் இரவு மழை பெய்தது. கூடாரம் ஒழுகவில்லை, மூலையில் வெளியே வைத்த எங்கள் செருப்புகள்தான் ஏரிகளின் தொகையில் இரண்டைக் கூட்டின.

மறுநாள் ஈரக் கூடாரத்தை அதன் பையில் திணிக்க முடியாமல் அப்படியே மோட்டாரில் சுருட்டிப் போட்டுக்கொண்டு கிளம்பினோம். டூலூத் போகும் வழியில் பெமிட்ஜி என்ற ஊரில் ஒரு பாலம். அடியில் மறுபடியும் மிஸிஸிப்பி. எங்கள் சகதர்மிணி வண்டியை நிறுத்தச் சொல்லி, இறங்கிப்போய்க் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"என்னுடைய கொத்து வந்திருக்குமாடா?"

பேரன் விரல்விட்டு எண்ணினான். இடாஸ்காவில் விழுந்த ஒரு துளி கடலுக்குப் போக ஏறக்குறைய 90 நாள் ஆகுமென்று படித்திருந்தான்.

"இன்னும் இல்லை, பாட்டி. நதி ரொம்பச் சுற்றிக்கொண்டு வருகிறது. நாளைக்கு வரலாம்."

அவள் இன்னும் சிறிது நேரம் பார்த்துவிட்டுத்தான் வண்டியில் ஏறினாள்.