வீடு நமது, மனை அவருடையது

சான் ஹோசேயில் மான்டரே சாலையில் தெற்கே போகும்போது, தாழ்ந்த கூரையும் ஒட்டிய கார் நிறுத்தமுமாக வீடுகள் நெருங்கி நிற்கும் வளாகங்கள் அடுத்தடுத்து வரும். இவைதான் மொபைல் ஹோம் பார்க்குகள். இந்த நகரத்தில் மட்டும் ஏறத்தாழ அறுபது வளாகங்கள், பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள். கலிபோர்னியாவில் வேறெந்த நகரத்திலும் இத்தனை கிடையாது. கூகுளும் ஆப்பிளும் இருக்கிற பள்ளத்தாக்கில், பத்து லட்சம் டாலருக்குக் குறைவாகத் தனிவீடு தேடுவது வீண்வேலை. அதனால் "மூன்று லட்சத்துக்கு மூன்று படுக்கையறை" என்ற விளம்பரத்தைப் பார்த்ததும் நம் ஆட்களுக்குக் கை பரபரக்கும். நாங்களும் அப்படித்தான் போய்ப் பார்த்து, வாங்கி, இன்று அங்கேயே குடியிருக்கிறோம்.

மொபைல் என்று பெயரே தவிர இந்த வீடு எங்கும் போகாது. தொழிற்சாலையில் செய்து, அடியில் இரும்புச் சட்டத்தோடு லாரியில் இழுத்து வந்து இறக்குகிறார்கள். பெரிய வீடானால் இரண்டு பாதிகளாக வந்து இங்கே ஒட்டப்படும். ஒருமுறை உட்கார்ந்த பிறகு அதைக் கழற்றி வேறிடம் கொண்டுபோக ஆயிரக்கணக்கில் டாலர் செலவாகும். அப்படியே கிளப்பினாலும் பழைய வீட்டைச் சேர்த்துக்கொள்ளும் பார்க் கிடைப்பது அபூர்வம். 1976 ஜூன் 15 முதல் செய்தவை மத்திய அரசின் கட்டுமான விதிகளுக்கு உட்பட்டவை. அதற்கு முந்தையவற்றுக்கு அந்த விதி கிடையாது. கடன் கொடுப்பவரும் காப்பீட்டுக்காரரும் முதலில் கேட்பது இந்தத் தேதியைத்தான்.

வாங்கின செய்தியை ஊருக்குச் சொன்னபோது, ஸ்ரீரங்கத்து மாமா தொலைபேசியில் கேட்டார்: "மனை எத்தனை சதுர அடிடா?"

"மனை நம்மது இல்லை மாமா. வீடு மட்டும்தான். இடத்துக்கு மாசாமாசம் வாடகை."

"அட, நம்ம ஊர் அடிமனை கதை! அங்கே பெருமாளுக்குக் குடுக்கறோம், நீ யாருக்குடா குடுக்கறே?"

ஒரு முதலீட்டு நிறுவனத்துக்கு என்றேன். "பெருமாள் தேவலை" என்று சொல்லிவிட்டு அத்தையிடம் போனைக் கொடுத்துவிட்டார். கோயில் மனையில் வீடு கட்டி, அடிமனை வாடகைக்காகப் பல காலமாக வழக்கும் வாய்தாவுமாக வாழ்கிறவர்களைப் பார்த்தவர் அவர். எனக்கு வீட்டுத் தரகர் ஒரு மணி நேரம் விளக்கியதை அரை நிமிடத்தில் பிடித்துவிட்டார்.

இங்கே பதிவாளர் அலுவலகத்துக் கிரயப் பத்திரம் கிடையாது. மாநில வீட்டுவசதித் துறை ஒரு டைட்டில் தரும். எண்பதுகளின் தொடக்கம் வரை அந்த வேலையே வாகனப் பதிவுத் துறையிடம்தான் இருந்தது. மனை சேராத வீட்டைச் சட்டம் அசையும் சொத்தாகப் பார்ப்பதால் சாதாரண வீட்டுக்கடன் எளிதில் கிடைக்காது. தனி வகைக் கடன் வாங்க வேண்டும். வட்டி கூடுதல், தவணைக் காலம் குறைவு. 2003-ல் வாரன் பஃபெட்டின் பெர்க்‌ஷயர் ஹாத்வே வாங்கிய கிளேட்டன் ஹோம்ஸ் வீட்டைச் செய்து விற்பதோடு, தன் துணை நிறுவனங்கள் வழியாகக் கடனும் கொடுக்கிறது. பஃபெட் எங்கே பணம் போட்டார் என்று கவனிக்கிறவர்கள் இதையும் கவனிக்கலாம்.

இனி கணக்குக்கு வருவோம். மூன்று லட்சம் டாலர் வீடு, கையிலிருந்து அறுபதாயிரம் போட்டு மீதிக்கு 9 சதவீத வட்டியில் இருபது ஆண்டுக் கடன் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதத் தவணை சுமார் 2,160 டாலர். இடவாடகை 1,500 என்றால் மொத்தம் 3,660. இரண்டு படுக்கையறை அபார்ட்மென்ட் மூவாயிரத்தைச் சுற்றி ஓடும் ஊரில், பக்கத்துச் சுவர் இடிக்காத தனி வீடு, தோட்டத்துக்குக் கொஞ்சம் மண், மேல்மாடியில் யாரும் நடக்காத நிம்மதி எல்லாம் சேர்த்தால் இது மோசமில்லை. சொத்து வரியும் சொற்பம்தான். கடன் முடிந்த பிறகு இடவாடகை மட்டும்தானே என்று மனம் சமாதானம் சொல்லும்.

அந்த வாடகையை ஆண்டுக்கு 3 சதவீதம் ஏற்றிப் பாருங்கள். இருபது ஆண்டில் கட்டியது நாலு லட்சத்து எண்பதாயிரத்தைத் தாண்டிவிடும், வீட்டு விலையைவிட அதிகம். கடன் முடிகிற நேரத்தில் மாத வாடகை 2,700-ஐ எட்டிப்பார்க்கும்.

இதிலும் கவனிக்க வேண்டியது விற்கும்போது நடப்பது. வாங்க வருகிறவர் மாதம் எவ்வளவு கட்ட முடியும் என்று பார்த்துத்தான் விலை பேசுவார். அதே 9 சதவீத, இருபது ஆண்டுக் கடனில், இடவாடகை நூறு டாலர் ஏறினால் அவர் தாங்கக்கூடிய கடன் பதினோராயிரம் டாலர் குறைகிறது. மனைக்காரர் வாடகையை ஏற்றும்போது உங்கள் வீட்டு விலையிலிருந்து ஒரு துண்டைக் கிள்ளிக்கொள்கிறார் என்று பொருள். கட்டடம் தேயும், மனை வளரும் என்பது நம் அப்பாக்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. இங்கே தேய்கிற பாகம் நமக்கு, வளர்கிற பாகம் அவருக்கு.

ஆகவே எந்த ஊரில் வாங்குகிறோம் என்பதே பாதி விஷயம். சான் ஹோசேயின் பழைய பார்க்குகளில் நகராட்சிச் சட்டம் வாடகை ஏற்றத்துக்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. விலைவாசிக் குறியீட்டு உயர்வில் முக்கால் பங்குதான் ஏற்றலாம், 3 சதவீதத்துக்குக் குறையாமல், 7-ஐத் தாண்டாமல். அந்தக் கடிவாளத்துக்கான மதிப்பு வீட்டு விலையிலேயே ஏறிக் கிடக்கிறது, விற்கிறவர் அதை வாங்கிக்கொண்டுதான் போவார். கடிவாளம் இல்லாத ஊர்களில் புது முதலாளி வந்தால் போச்சு.

பார்க்கையே மூடிவிட்டால்? பாலோ ஆல்டோவில் எல் கமினோ ரியல் சாலையோரம் இருக்கும் புவெனா விஸ்டா பார்க்கை மூடப்போவதாக 2012-ல் உரிமையாளர் அறிவித்தார். அங்கே ஏறக்குறைய நானூறு பேர், பெரும்பாலும் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள், வாழ்ந்தார்கள். வருடக்கணக்கில் போராடி, கடைசியில் 2017-ல் மாவட்ட வீட்டுவசதி ஆணையம் சுமார் 4 கோடி டாலருக்கு அதை வாங்கியதால் தப்பித்தார்கள். எல்லா பார்க்குக்கும் அப்படி ஓர் ஆபத்பாந்தவன் கிடைப்பதில்லை. நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து மெரிடித்தில் 1984-லேயே குடியிருப்போர் கூட்டுறவாகச் சேர்ந்து நிலத்தை வாங்கினார்கள். அந்த வழியில் நாடெங்கும் நூற்றுக்கணக்கான பார்க்குகள் இன்று குடியிருப்போர் கையில் இருக்கின்றன. அப்படி ஒன்று கிடைத்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்வேன். நம் பகுதியில் கிடைப்பது அரிது.

விளம்பரத்தில் அதிசயமாக மலிவாகத் தெரிகிற வீடு பெரும்பாலும் 55 வயதுக்கு மேற்பட்டோருக்கான பார்க்கில் இருக்கும். முப்பது வயதுத் தம்பதி ஆசையாகப் பார்க்கப் போய்த் திரும்புவது இங்கே வாராந்திரக் காட்சி.

விசா நிச்சயமில்லாதவர், நாலைந்து வருடத்தில் வேறு மாநிலம் போகக்கூடியவர், கடனை நம்பி நிற்பவர் ஆகியோருக்கு நான் வேண்டாம் என்றே சொல்கிறேன். வாடகைச் சட்டம் உள்ள ஊரில், கையிருப்பை வைத்தே விலையை முடித்துவிட்டு, பிள்ளைகள் படிப்பு முடியும்வரையோ ஓய்வுக் காலத்துக்கோ அங்கேயே இருக்கப்போகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். யாராக இருந்தாலும் சமையலறையை அளப்பதற்கு முன் பார்க் அலுவலகத்துக்குப் போய், புதிதாக வருகிறவருக்கு இடவாடகை எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். விற்கிறவர் கட்டுகிற வாடகையே உங்களுக்கும் என்று எங்கும் உறுதியில்லை.