தறிச் சத்தத்துக்கு மேலே பேசியவர்கள்

சின்னாளபட்டிக்காரர்கள் கொஞ்சம் உரக்கத்தான் பேசுவார்கள். நீங்களும் நம் ஊர்ப்பக்கம் என்றால் இதற்குள் சிரித்திருப்பீர்கள். வெளியூரில் வாக்கப்பட்டுப் போன நம் வீட்டுப் பெண்களைப் புகுந்த வீட்டார் முதல் வாரமே கேட்டிருப்பார்கள், "ஏம்மா, பேசுறியா, சண்டை போடுறியா?" என்று. என்ன செய்வது? அடுப்படியில் இருக்கும் அம்மா, தறிக்குழிக்குள் காலை விட்டு மிதித்துக்கொண்டிருக்கும் அப்பாவிடம் ஒரு சேதி சொல்ல வேண்டுமென்றால் தறிச் சத்தத்துக்கு மேலே குரல் போகவேண்டும். பால்குடி மறக்கும் முன்பே தொண்டை அதற்குப் பழகிவிடும்.

விடியலில் எங்கோ ஒரு வீட்டில் முதல் தறி தொடங்கும். அப்புறம் அடுத்த வீடு, எதிர் வீடு. பால்காரர் வருவதற்குள் தெரு முழுக்கச் சத்தம் நிறைந்துவிடும். நாடா போய்வரும் வேகம் ஆளுக்கு ஆள் வேறு. கண்ணை மூடிக்கொண்டு தெருவில் நடந்தால் இது யார் வீடு என்று சொல்லிவிடலாம். சத்தம் சட்டென்று நின்றால் நூல் அறுந்திருக்கிறது. வெகுநேரம் நின்றால் பக்கத்து வீட்டம்மா, "என்ன, மேலுக்கு முடியலையா?" என்று எட்டிப் பார்ப்பார். அமாவாசையன்று மட்டும் தறிக்கு ஓய்வு. அன்றைக்குத்தான் காக்கை கத்துவதும், சிறுமலைப் பக்கமிருந்து வரும் காற்று வேப்பமரத்தை உலுக்குவதும் காதில் விழும். சின்னப் பிள்ளைகளுக்கு அந்த நாள் பிடிக்காது. பழகிய சத்தம் இல்லாமல் மத்தியானத் தூக்கம் வராமல் சிணுங்கும்.

காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் தெருவில் பாவு நீட்டுவார்களே, ஞாபகம் இருக்கிறதா? இந்த முனையிலிருந்து அந்த முனை வரை கவைக்கால் நட்டு, நூலை விரித்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று கஞ்சி போட்டுப் பாவாற்றியால் நீவிக்கொண்டே போவார்கள். அரிசிக்கஞ்சியும் ஒரு கை தேங்காயெண்ணெயும் கலந்த அந்த வாசனை இன்றைக்கும் எங்காவது வந்தால் நின்றுவிடுகிறேன். பாவு கிடக்கும்போது அந்தத் தெருவில் சைக்கிள் போகாது. கல்யாண ஊர்வலமே வந்தாலும் சுற்றித்தான் போகவேண்டும். யாரும் சட்டம் போடவில்லை. ஒரு பாவு கெட்டால் ஒரு வீட்டு அடுப்பு அணையும் என்று எல்லாருக்கும் தெரியும்.

எங்கள் தெருவுக்குப் பாவு பிணைக்க வரும் பெரியவர் ஒருவர் இருந்தார். பழைய பாவு தீர்ந்ததும், அதன் ஒவ்வொரு நுனியோடும் புதுப்பாவின் நுனியை ஒட்ட வேண்டும். ஆயிரக்கணக்கான இழைகள். மனிதர் தறிக்குள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, சிரட்டையில் வைத்த சாம்பலைக் கட்டைவிரலிலும் ஆட்காட்டி விரலிலும் தொட்டுக்கொள்வார். இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முறுக்கு, ஒரு மடிப்பு. முடிச்சே கிடையாது, ஆனால் இழுத்தால் வராது. கண் நூலைப் பார்ப்பதாகவே தெரியாது. வாய் பாட்டுக்கு எம்ஜியார் படக்கதை சொல்லிக்கொண்டிருக்கும். நடுவில் கூப்பிட்டால் மட்டும் கோபம் வரும். ஒரு இழை தாண்டிப்போனால் சேலை நெடுக அது கோடாய் விழும் என்பார். அவருக்கு வெற்றிலையும் காப்பியும் கொடுத்து, கூலியைக் கையில் வைத்த பிறகுதான் வீட்டில் மற்ற செலவு. அந்த விரல்களின் வேலையைக் கற்றுக்கொண்டவர் அவர் வீட்டில் யாருமில்லை.

ஊரென்றால் ஒரே சாதி, ஒரே பேச்சு என்று நினைக்கும் வெளியூர்க்காரர்கள் நம் தேர்முட்டிப் பக்கம் ஒருநாள் நின்று பார்த்திருக்க வேண்டும். நடுத்தெருக்களில் தேவாங்கர் வீடுகள். உள்ளே கன்னடம், வாசலில் தமிழ். யுகாதிக்கு வேப்பம்பூவும் வெல்லமும், ஆவணி அவிட்டத்துக்குப் புதுப்பூணூல், சௌடம்மன் திருவிழாவில் மார்பில் கத்தி போட்டு அம்மனை அழைத்துவரும் இளவட்டங்கள். சுற்றுப்பட்டியிலிருந்து சாமான் வாங்க வரும் நாயக்கமார் தெலுங்கில் விலை கேட்பார்கள். சுங்குடி வியாபாரத்துக்கு மதுரையிலிருந்தும் நாகல்நகரிலிருந்தும் வருகிறவர்கள் தங்களுக்குள் சௌராஷ்டிரத்தில் பேசி முடித்துவிட்டு நம்மிடம் தமிழில் சிரிப்பார்கள். வெள்ளோட்டிலிருந்து பழக்கூடையோடு வரும் அக்கா கழுத்தில் சிலுவை தொங்கும். எல்லாரும் எல்லாருக்கும் முறை வைத்து மாமா, சித்தி என்றுதான் கூப்பிட்டோம். ஆனாலும் பொய் சொல்லக்கூடாது. ஊருக்கு ஓரமாய் இருந்த தெருக்காரர்கள் நம் வாசல்படி வரைக்கும்தான் வந்தார்கள். காட்டுவேலை, சாணி, விறகு என்று அவர்கள் உழைப்பு உள்ளே வந்தது, ஆள் வரவில்லை. அந்த நாளை இனிப்பாய் மட்டும் நினைக்கிறவர்கள் இதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

சின்னாளபட்டிச் சேலை என்றால் ஒரு காலத்தில் தமிழ்நாட்டில் தெரியாத வீடு கிடையாது. பட்டு வாங்க வழியில்லாத வீட்டுக் கல்யாணப் பெண்ணுக்கு நம் ஊர் செயற்கைப் பட்டுதான் கூறைப்புடவை. சுங்குடியோ வேனிற்காலத்துக்கென்றே பிறந்தது. திண்ணையில் பெண்கள் வட்டமாய் உட்கார்ந்து, துணியை நகக்கண்ணால் கிள்ளித் தூக்கி நூலால் சுற்றிச் சுற்றிக் கட்டுவார்கள். மருமகள் பற்றிய புகார், பங்குனிக்கு எந்த ஊர் மாப்பிள்ளை வருகிறார், எல்லாம் அந்த முடிச்சுகளுக்கு இடையில்தான். சாயத்தில் முக்கிக் காயவைத்து, சேலையை இரண்டு பக்கமும் பிடித்து வெடுக்கென்று இழுத்தால் முடிச்சு அத்தனையும் பொரிகடலை வெடிப்பதுபோலப் படபடவென்று தெறிக்கும். கட்டிய இடமெல்லாம் வெள்ளைப் புள்ளி. பின்னால் மெழுகு அச்சு வந்தது, வேலை சுருங்கியது. புவிசார் குறியீடும் மதுரைப் பெயருக்குப் போய்விட்டது. சாயப்பட்டறைக்காரர்களின் கைகள் மட்டும் முழங்கை வரை நீலமோ சிவப்போ ஏறிக் கிடக்கும். கல்யாணப் பந்தியில் அவர்கள் இலையில் கை வைக்கும்போது, பக்கத்தில் உட்கார்ந்த வெளியூர்க்காரர் ஒரு நிமிஷம் திகைப்பார்.

மழைக்காலம் மற்ற ஊருக்குச் சந்தோஷம், நமக்குக் கிலி. ஐப்பசி கார்த்திகையில் தறிக்குழியில் ஈரம் கசியும். கஞ்சி போட்ட பாவு காயாது. நூல் நமத்துப் போய் அறுந்துகொண்டே இருக்கும். தீபாவளிச் சரக்கு போனபிறகு முதலாளி வீட்டில் முன்பணம் கேட்டு நிற்கும் வரிசை நீளும். மழை விட்டு வெயில் வந்ததும் நிலைமை மாறும். சிறுமலை வாழைப்பழம் சிறிசு சிறிசாய்க் கூடையில் இறங்கும். சுற்றுத் தோட்டங்களில் பன்னீர் திராட்சை கறுத்துத் தொங்கும். பள்ளிக்கூடம் விட்டதும் பந்தலுக்கு அடியில் உதிர்ந்ததைப் பொறுக்கப் போவோம். காவல்காரர் சத்தம் போடுவாரே தவிர ஒருநாளும் எழுந்து வந்ததில்லை.

1946 பிப்ரவரியில் காந்தி வந்த ரயில் அம்பாத்துரையில் நின்றதைத் தாத்தாக்கள் தினம் ஒரு விதமாய்ச் சொல்வார்கள். கூட்டம் சொல்லச் சொல்லக் கூடிக்கொண்டே போகும். மறு வருஷமே சௌந்தரம் அம்மாவும் ராமச்சந்திரன் ஐயாவும் காந்திகிராமத்தைத் தொடங்கினார்கள். நம்மில் பாதிப்பேர் அங்கே இருக்கும் கஸ்தூரிபா ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள்தானே. 1959-ல் காந்திகிராமத்தார் ஆத்தூர் வட்டாரத்தில் ஆரம்பித்த சுகாதாரத் திட்டத்தில், வீடு வீடாய் ஏறி இறங்கி, குழந்தைகளின் பிறந்த நாளையும் அம்மாக்களின் சோகையையும் விசாரித்தார்கள். ஆயிரம் பேருக்கு நாற்பதுக்கு மேல் இருந்த வருடாந்தரப் பிறப்பு பத்தே வருஷத்தில் முப்பதுக்குக் கீழே இறங்கியதென்று பின்னாளில் பெரிய பெரிய ஆட்கள் எழுதினார்கள். எங்கள் ஆத்தாவுக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது. "நர்சம்மா வந்தா மோர் குடுக்காம அனுப்பாதே" என்பது மட்டும் தெரியும்.

இப்போதும் ஊர் இருக்கிறது. 2011 கணக்குப்படி 26,000-க்குச் சற்று மேல் ஜனம். ஆள் குறைந்துவிடவில்லை. வாசலில் வேன் வந்து பெண்களை மில்லுக்கு ஏற்றிப்போகிறது. பையன்கள் திருப்பூரிலும் சென்னையிலும் இருக்கிறார்கள். சூரத்திலிருந்து வரும் புடவை, ஊர்க்கடையிலேயே நம் சேலையைவிட மலிவு. சித்தப்பா தறிக்குழியை மண் போட்டு மூடி டைல்ஸ் பதித்து அதன்மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார். ஏன் சித்தப்பா என்றேன். "கூலி கட்டலப்பா. முட்டியும் போச்சு. உங்க தம்பியாவது நாற்காலில உட்காரட்டும்" என்றார். பதில் சொல்ல என்னிடம் எதுவுமில்லை. நாம் ஆசைப்படுகிறோம் என்பதற்காக யாரையும் மறுபடி குழிக்குள் இறங்கச் சொல்ல நமக்கென்ன உரிமை? நாமே இறங்க மாட்டோமே.

என் ஏக்கமெல்லாம் வேறு. ஒரு சேலைக்குப் பின்னால் சாயக்காரர், பாவு நீட்டுகிறவர், பிணைக்கிறவர், தார் சுற்றும் ஆத்தா, முடிச்சுக் கட்டும் அக்கா, நெய்கிற அப்பா என்று தெருவே நின்றது. ஒருவர் கை ஓய்ந்தால் இன்னொருவர் கேட்டு வந்தார், கேட்காமல் முடியாது. இன்றைக்கு அவரவர் வேலைக்கு அவரவர் பஸ் ஏறுகிறார்கள், அவரவர் சம்பளம் அவரவர் கணக்கில் விழுகிறது. பக்கத்து வீட்டில் உடம்புக்கு முடியவில்லை என்றால் ஆம்புலன்ஸ் வந்த பிறகுதான் தெரிகிறது. வயிறு முன்னைவிட நிறைந்திருக்கிறது, அதை மறுக்க மாட்டேன். ஆனால் ஒருத்தர் இல்லாமல் ஒருத்தருக்கு ஆகாது என்று இருந்தோமே, அந்தச் சின்னாளபட்டி மட்டும் இப்போது நம்மைப் போலக் கிளம்பிப் போனவர்களின் பேச்சில்தான் இருக்கிறது.