வர்ணத்தின் கீழிருந்த கீறல்



விடுமுறையில் நானும் என் மகனும் 1966ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரின் 1/24 அளவுள்ள பிளாஸ்டிக் மாதிரியைச் செய்தோம். கூரையிலிருந்த வார்ப்புக் கோட்டை உப்புத்தாளால் நான் அழுத்தித் தேய்த்ததில் கீறல் விழுந்தது. சாம்பல்நிறப் பிரைமர் அதைத் தெளிவாகக் காட்டியது. "வர்ணம் பூசினால் மறைந்துவிடும்" என்றேன். பளபளப்பான சிவப்பு வர்ணம் காய்ந்தபோது, கீறல் முன்னிலும் அதிகமாய்த் தெரிந்தது.

"மறைந்துவிடும் என்றீர்களே, அப்பா?"

என்னிடம் பதிலில்லை. அந்த வாரம் சபையின் மூத்த சகோதரர் ஒருவரிடம் கடுமையாகப் பேசியிருந்தேன். மன்னிப்புக் கேளாமல், ஞாயிறு ஆராதனையில் புன்னகையோடு கைகுலுக்கி அதை மூடியிருந்தேன். தாவீது மறைத்த பாவத்தை நாத்தானைக் கொண்டு உணர்த்திய தேவன், எனக்கு ஒரு பிள்ளையின் வாயினால் உணர்த்தினார்.

அன்று மாலையே அச்சகோதரரின் இல்லத்திற்குச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கைகளைப் பற்றிக்கொண்டு ஜெபித்தார்.

மறுநாள் கூரையின் வர்ணத்தைத் தேய்த்து நீக்கினோம். கீறலில் பட்டி நிரப்பி, 1000 எண் வாட்டர் பேப்பரால் சமன்செய்து, பிரைமரிலிருந்து மீண்டும் தொடங்கினோம்.

பிரியமானவர்களே, எந்தக் கீறலின்மேல் நாம் வர்ணம் பூசிக்கொண்டிருக்கிறோம்? அதை அறிக்கையிட கர்த்தர்தாமே நமக்குக் கிருபை தருவாராக. ஆமென்.