வெள்ளையனின் கோபமும் ராஜபாளையத்துத் தாத்தாவும்

ராஜபாளையம் என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பஞ்சாலையா, மலையடிவாரத்து மாந்தோப்பா? பலருக்கு முதலில் நாய்தான் ஞாபகம் வரும். ஆனால் நான் அங்கே போனது நாய் பார்க்க அல்ல, நாத்தனார் மகளின் வளைகாப்புக்கு. போகும்போது மனசில் ஒரு பெரிய பாரம். திரும்பும்போது அது பாதி இறங்கியிருந்தது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

எங்கள் வீடு தாம்பரத்தை அடுத்த முடிச்சூர்ப் பக்கம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் தெருவெல்லாம் வெள்ளக்காடாகக் கிடந்தபோது, நனைந்து நடுங்கிக்கொண்டு ஒரு நாய்க்குட்டி எங்கள் மாடிப்படியில் வந்து ஒண்டியது. பால் வெள்ளை உடம்பு, இளஞ்சிவப்பு மூக்கு, இடது காதில் மட்டும் ஒரு பழுப்புத் திட்டு. ஒரு கண் நீலம்! "கண்ணைப் பாரு, என்ன அழகு!" என்று குழந்தைகள் குதித்தார்கள். வெள்ளையன் என்று பெயர் வைத்தோம். தடுப்பூசி, பிறகு கருத்தடை எல்லாம் ஒழுங்காகச் செய்தோம்.

வளர வளரத்தான் தொல்லை. கூப்பிட்டால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான். "திமிரைப் பாரேன்!" என்பார் என் கணவர். படுத்திருக்கும்போது யாராவது தொட்டால் 'வள்'ளென்று பாய்வான். பால்காரரைப் பல்லைக் காட்டி விரட்டினான். என் கணவர் பேப்பரைச் சுருட்டி நாலு அடி வைத்தார். அதன்பின் யார் கையை உயர்த்தினாலும் உறும ஆரம்பித்தான்.

அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒரு யோசனை. "இது டால்மேஷன் கலப்பு, அதான் முரடு" என்றார் ஒருவர். "கோம்பை ரத்தம் கலந்திருக்கும்" என்றார் இன்னொருவர். எந்த ஜாதி என்று தெரிந்தால் குணம் தெரிந்துவிடும் என்று நானும் நம்பினேன்.

2024 ஆகஸ்டில் ஒருநாள், ஒண்ணாங்கிளாஸ் படிக்கும் என் மகள் ஸ்கூல் பையோடு ஓடி வந்து, தூங்கிக்கொண்டிருந்தவனைப் பின்னாலிருந்து கட்டிக்கொண்டாள். ஒரே நொடி. மணிக்கட்டில் இரண்டு பல் பதிந்து ரத்தம். குழாயைத் திறந்துவிட்டு, சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிஷம் கழுவினேன். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்கவில்லை. நேரே அரசு மருத்துவமனைக்கு ஓடினோம். ரத்தம் கண்ட கடி என்பதால் காயத்தைச் சுற்றித் தனி மருந்து ஊசி, அதோடு தடுப்பூசி. முதல் நாள் ஊசிக்குப் பிறகு 3, 7, 28 என்று நாள் குறித்துக் கொடுத்தார்கள். வீட்டு நாய்தானே, அதற்கு ஊசி போட்டாயிற்றே என்று ஒரு நாளைக்கூட விடவில்லை. நீங்களும் விடாதீர்கள்.

அன்று இரவு என் கணவர் தீர்மானமாகச் சொன்னார்: "பொண்ணு முக்கியமா, நாய் முக்கியமா? நீ ஊருக்குப் போயிட்டு வா. அதுக்குள்ளே அதை எங்கேயாவது விட்டுடறேன்."

"என்னங்க, நான் திரும்பி வர்ற வரைக்குமாவது பொறுங்க" என்று கெஞ்சினேன். அரை மனசாகத் தலையாட்டினார். அவர் சொன்னதிலும் தப்பில்லையே! பெற்றவள் எனக்கும் பயம்தான்.

மூன்றாவது ஊசி முடிந்த கையோடு, குழந்தைகளையும் மாமியாரையும் அழைத்துக்கொண்டு தாம்பரத்தில் பொதிகை எக்ஸ்பிரஸ் ஏறினேன். விடியற்காலையில் கண் விழித்தால் ஜன்னலுக்கு வெளியே மேற்குத் தொடர்ச்சி மலை, மேகத்தைப் போர்த்திக்கொண்டு கூடவே வந்தது. சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர் தாண்டியதும் ராஜபாளையம்.

அழகான ஊர். ஒரு பக்கம் சஞ்சீவி மலை, மறுபக்கம் மலைத்தொடர், நடுவே பஞ்சாலைகளும் கடைவீதியும். தெலுங்கு பேசும் ராஜுக்கள் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊர். 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வராக இருந்த பி.எஸ்.குமாரசாமி ராஜா தன் வீட்டையே ஊருக்குக் கொடுத்துவிட்டார். அதுதான் இன்றைய காந்தி கலை மன்றம். பக்கத்துச் சத்திரப்பட்டியில் தறி போட்டுப் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். என் மகள் தன் கைக்கட்டைப் பார்த்து, "இதுவும் இங்கே நெஞ்சதாம்மா?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது.

வளைகாப்பு முடிந்த மறுநாள், நாத்தனார் என்னை அடுத்த தெருத் தாத்தா வீட்டுக்கு அழைத்துப் போனார். ஐம்பது வருஷமாக நாய் வளர்ப்பவர். திண்ணையோரம் ஒரு பெட்டை நாய் நின்றது. உயரமான கால், ஒட்டிய வயிறு, பாலில் தோய்த்தெடுத்தாற்போல் நிறம், மடிந்து தொங்கும் காது. 2005-இல் நம் தபால் இலாகா நான்கு இந்திய நாய் இனங்களுக்குத் தபால் தலை வெளியிட்டபோது, இந்த ஊர் நாயும் அதில் இடம் பிடித்தது.

செல்போனில் வெள்ளையன் படத்தைக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

"மூக்கும் நிறமும் பாத்தா எங்க ஊரு ரத்தம் மாதிரிதாம்மா இருக்கு. சுருட்டை வாலு தெருநாய் கொடுத்தது. ஆனா படத்தைப் பாத்து ஜாதி சொல்றது ஜோசியம் மாதிரி. நிச்சயமில்லே. அதை விடுங்க, இந்தக் கண்ணு நீலமா இருக்கே, இவனுக்குக் காது கேக்குதா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "வாசல்மணி அடிச்சாக் குரைக்கிறானே தாத்தா!"

"மணிச் சத்தத்துக்குக் குரைக்கிறானா, நீங்க எழுந்திரிச்சு ஓடறதைப் பாத்துக் குரைக்கிறானா?"

பதில் சொல்லத் தெரியவில்லை. தாத்தா என்னைக் கொல்லைப்புறம் அழைத்துப் போனார். இரண்டு மாதக் குட்டிகள் ஆறு, வைக்கோலில் படுத்திருந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் மறைந்து நின்று, எவர்சில்வர் தட்டைக் கரண்டியால் 'டங்'கென்று தட்டினார். ஐந்து குட்டிகள் துள்ளி எழுந்தன. ஒன்று மட்டும் சுகமாகத் தூங்கிக்கொண்டே இருந்தது. அதற்கும் கண் நீலம்!

உடம்புக்கு நிறம் தரும் அணுக்கள் உள்காதிலும் இருக்க வேண்டுமாம். அவை இல்லாவிட்டால் பிறந்த சில வாரங்களிலேயே கேட்கும் சக்தி போய்விடுகிறது. அதனால்தான் வெள்ளை நாய்களில், அதிலும் நீலக் கண் உள்ளவற்றில், செவிடு அதிகம். எல்லா வெள்ளை நாயும் செவிடில்லை. ஆனால் சோதித்துப் பார்ப்பது அவசியம்.

அன்று மாலையே கணவருக்குப் போன் போட்டேன். "அவன் தூங்கறப்போ, பின்பக்கமா நின்னு, காத்தும் நிழலும் படாம ஒரு தட்டைத் தட்டிப் பாருங்க."

பத்து நிமிஷம் கழித்துக் கூப்பிட்டார். குரல் கம்மியிருந்தது. "அசையவே இல்லை. குக்கர் மூடியைக்கூடத் தட்டினேன்... பேப்பரைச் சுருட்டி அடிச்சேனே அவனை!"

காது மந்தமான என் மாமியாருக்கு விஷயத்தை உரக்கச் சொன்னேன். "இதைக் கேக்கத் தாத்தா வேணுமாக்கும்? பின்னாலேருந்து திடீர்னு தொட்டா எனக்கே கோவம் வராதா?" என்றார்!

ஊர் திரும்பியதும் கால்நடை டாக்டரிடம் காட்டினோம். காதில் சீழ், வலி எதுவும் இல்லை, பிறவிச் செவிடு என்றே சொன்னார். அவரும் தாத்தாவும் சொன்னபடிதான் வெள்ளையனைப் பழக்கினோம்:

முதலில் படுக்கையை மாற்றினோம். ஆள் நடமாடும் நடைவழியிலிருந்து, முதுகுக்குச் சுவர் இருக்கும் மூலைக்கு. வருகிறவர்களை அவனே பார்க்கலாம். மூலைக்குக் குறுக்கே ஒரு சின்னத் தட்டி. தூங்கும் நாயையும் சாப்பிடும் நாயையும் குழந்தைகள் தொடவே கூடாது என்பது வீட்டுச் சட்டம்.

அடுத்து, தொடுதலுக்கு அவனைப் பழக்கினோம். அவன் விழித்திருந்து என்னைப் பார்க்கும்போது, தோளில் லேசாக ஒரு விரல், உடனே ஒரு துண்டு வேகவைத்த கோழிக்கறி. மறுபடி விரல், மறுபடி துண்டு. ஒரு நாளைக்கு இருபது தடவையாவது செய்திருப்பேன். இரண்டு மாதத்தில், யாராவது தொட்டால் 'என்ன கொண்டுவந்தாய்?' என்பதுபோல் ஆவலாகத் திரும்ப ஆரம்பித்தான். தூங்குகிறவனை எழுப்ப வேண்டுமானால், மூக்கருகே தின்பண்டத்தை நீட்டி வாசனையால் எழுப்புவோம். இதைப் பெரியவர்கள் மட்டுமே செய்வோம்.

மூன்றாவது, கை பாஷை. உள்ளங்கையைக் கீழே காட்டினால் உட்கார், கையை வீசி அழைத்தால் வா, கட்டைவிரலை உயர்த்தினால் சபாஷ். இரவில் கொல்லையிலிருந்து அழைக்க விளக்கை இரண்டு தடவை அணைத்துப் போடுவோம். தெருவில் போகும்போது கயிறு எப்போதும் கையில் இருக்கும். லாரி ஹாரன் அவனுக்குக் கேட்காதே!

அடிப்பது அடியோடு நின்றது. உறுமினால் அதட்டுவதும் இல்லை. உறுமல் அவன் கொடுக்கும் எச்சரிக்கை. அதை அடக்கினால் எச்சரிக்காமலே கடிப்பான். உடம்பு விறைப்பது, உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாமே 'என்னை விட்டுவிடு' என்பதற்கு அடையாளம். கண்டால் நாங்கள் விலகிவிடுவோம்.

சகோதரிகளே, கடிக்கும் நாயெல்லாம் செவிடு என்று சொல்லவில்லை. ஒன்றுக்குப் பல்வலி, ஒன்றுக்குக் காதில் புண், ஒன்றுக்குப் பழைய அடியின் பயம், குட்டி போட்டதற்குக் குட்டியைப் பற்றிய கவலை. முதலில் டாக்டரிடம் காட்டுங்கள். ஜாதியைக் கேட்டு முரடு என்று முத்திரை குத்துவதற்கு முன், காரணத்தைத் தேடுங்கள்.

இப்போதும் வெள்ளையனையும் குழந்தைகளையும் தனியே விட்டுவிட்டுக் கடைக்குப் போக மாட்டேன். ஒருமுறை கடித்தவன்தானே! ஆனால் அதன்பிறகு யாரையும் அவன் கடிக்கவில்லை. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வரும் என் மகள், தட்டிக்கு இந்தப் பக்கமே நின்று, அவன் கண் விழித்துப் பார்க்கும் வரை காத்திருந்து, கட்டைவிரலை உயர்த்துகிறாள். வாலை ஆட்டிக்கொண்டு வருகிறான். என் கணவர் சட்டைப்பையில் எப்போதும் ஒரு பிஸ்கட் வைத்திருக்கிறார்.

நீங்களும் ராஜபாளையம் பக்கம் போனால், வழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்க மறக்காதீர்கள். நான் அந்தத் தாத்தாவுக்கு வெள்ளையனின் படம் இன்னொன்று அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை என் மகளும் அதில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள்.